தறி ஓடும் வாக்கியங்கள்

கட்டுரைகள் எல்லாம் ஒரே கட்டுரையாக இருந்தன.

மரம் நமக்கு நிழல் தருகிறது. மரம் நமக்குக் கனி தருகிறது. மரம் நமக்குக் காற்று தருகிறது. பக்கம் முழுக்க மரம் தந்துகொண்டே இருந்தது. அடுத்த தாளைப் புரட்டினால் அங்கேயும் தந்தது. தரணிதரன் சிவப்புப் பேனாவை மூடி மேசைமேல் வைத்தான். பிளஸ் டூ பிள்ளைகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை என்பது அவனுக்குத் தெரியும். அதுதான் எரிச்சல். பார்த்து எழுதியிருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

பள்ளி வெள்ளகோவிலில் இருந்தது. சன்னலுக்கு வெளியே விசைத்தறிக் கூடங்கள். காலையில் பிடித்தால் மாலை வரை ஒரே சத்தம். அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது சத்தமாகவே கேட்காது. வெளியூர்க்காரனான தரணிதரனுக்குக் கேட்டது.

"சஷ்டிகா, எந்திரி. உன்னோடதைச் சத்தமா வாசி. மத்தவங்க முற்றுப்புள்ளி வர்ற இடத்துல எல்லாம் பெஞ்சுல ஒரு தட்டு."

சஷ்டிகா வாசித்தாள். டக். டக். டக். டக். நான்காவது தட்டிலேயே கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், தறி ஓடுதுங்க சார்!"

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. சஷ்டிகாவும் சிரித்துவிட்டாள். அவள் அப்பா மயில்சாமிக்கு இரவு ஷிப்டில் தறி ஓட்டுவதுதான் வேலை; தூக்கம் பகலில்தான்.

அன்றிலிருந்து அது வகுப்பின் விதியாயிற்று. யாராவது வாசிக்கும்போது மூன்று வாக்கியம் ஒரே அளவில், ஒரே மாதிரி வந்தால் எல்லோரும் சேர்ந்து "தறி!" என்று கத்தலாம். கத்தினால் வாசித்தவர் ஒரு வாக்கியத்தை உடைக்க வேண்டும், அல்லது இரண்டைச் சேர்க்க வேண்டும், அல்லது வாலைத் தலைக்குக் கொண்டுவர வேண்டும். முதல் மாதம் பெரும்பாலும் கத்தல்தான். பிறகு பெரும்பாலானவர்களுக்கு அலுத்துவிட்டது. பரீட்சைக்குப் பூங்கோதை டீச்சரின் நோட்ஸ் இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அந்த நோட்ஸைத்தான் மனப்பாடம் செய்து வந்தார்கள். டீச்சர் இப்போது தலைமை ஆசிரியை. நோட்ஸ் மாறவில்லை.

அலுக்காதவள் சஷ்டிகா ஒருத்திதான். தை மாதத்தில் அவள் ஒரு பத்தி எழுதிக்கொண்டு வந்தாள்.

'தறி நின்றால்தான் அப்பாவுக்கு விழிப்பு வரும். ஓடும்வரை தூங்குவார். கரண்ட் போய்விட்டால், அத்தனை அமைதியில் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவரிடம் போய் நான் ஏதாவது பேசுவேன். என்ன பேசினேன் என்பது முக்கியமில்லை. சத்தம் வேண்டும், அவ்வளவுதான்.'

தரணிதரன் அதை இரண்டு முறை படித்தான். மனைவி இறந்த பிறகு அவன் எதையும் இரண்டு முறை படித்ததில்லை.

"இதைப் பரீட்சையிலயும் எழுது," என்றான்.

அவள் எழுதினாள்.

மே மாதம் முடிவு வந்தது. வகுப்பில் மற்ற எல்லோருக்கும் மதிப்பெண் வந்தது. சஷ்டிகாவின் பெயருக்கு நேராக ஒரு வரி இருந்தது. 'நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. காரணம்: எழுதியவர் இவரல்லர்.'

*

திருப்பூரில் நடைச்சான்று வாரியத்தின் கிளை அலுவலகம் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மயில்சாமி இரவு ஷிப்டு முடித்து அப்படியே வந்திருந்தார். சட்டையில், புருவத்தில், காதோரத்தில் எல்லாம் பஞ்சுத் தூசி. அலுவலர் லோகேஸ்வரனுக்கு வயது முப்பது இருக்கும். மரியாதையான ஆள். அதுவே தரணிதரனுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. முரட்டு ஆளாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"நடைரேகை பொருந்தலீங்க," என்றார் லோகேஸ்வரன்.

"நடைன்னா? எம்புள்ள நல்லாத்தானுங்க நடக்கறா," என்றார் மயில்சாமி.

சஷ்டிகா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "அப்பா, செத்த சும்மா இருங்க."

"அந்த நடை இல்லீங்கண்ணா. எழுத்து நடை." லோகேஸ்வரன் திரையை அவர் பக்கம் திருப்பினார். "இப்பெல்லாம் எதை வேணும்னாலும் மெஷினை எழுதச் சொல்லிறலாமுங்க. காதுக்குள்ள அரிசி சைஸ்ல ஒண்ணை வெச்சுக்கிட்டு வந்தர்றாங்க. அது சொல்லும், இவங்க எழுதுவாங்க. தடவித் தடவிப் பார்த்துக் கட்டுப்படி ஆகல. அதனால ஆறாங்கிளாஸ்லயே எல்லாப் புள்ளைககிட்டயும் ஒரு பக்கம் எழுதி வாங்கி வெச்சுக்கறோம். வாக்கியம் எப்படி ஆரம்பிக்குது, எவ்வளவு தூரம் போகுது, எப்படி முடியுதுன்னு கணக்கெடுத்துக்கும். கைரேகை மாதிரி. ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கு மாறாது."

"மாறாதுன்னு யார் சொன்னா?" என்றான் தரணிதரன்.

"வாரியம் சொல்லுதுங்க சார்."

"வளர்ற புள்ளைங்க. மாறாம என்ன பண்ணும்?"

"அதுக்கு வருசா வருசம் கொஞ்சம் விட்டுக்குடுக்கறோங்க. ஆனா இந்தப் பொண்ணு எக்கச்சக்கமா தாண்டிருச்சு. நீங்களே பாருங்க."

திரையில் இரண்டு கோடுகள் ஓடின. ஒன்று தரையோடு தரையாகப் படுத்திருந்தது. இன்னொன்று ஏறியது, சட்டென்று விழுந்தது, நீளமாக ஏறியது, ஒரு புள்ளியில் நின்றது.

"இது வேற ஆளுங்க சார்."

"அவளுக்கு நான் சொல்லிக் குடுத்தேன். ஒரு வருசம். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

"அதைத்தான் நானும் சொல்றேனுங்க. நடுவுல இன்னொரு ஆள் உள்ள வந்துட்டாரு."

மயில்சாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தரணிதரன் நாற்காலியை முன்னால் இழுத்தான். குரலை உயர்த்தக் கூடாது என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தான். உயரவில்லை. இறங்கியது.

"ரெண்டு வருசத்துக்கு முன்னால என் சம்சாரம் தவறிட்டா. வாத்தியாருங்க எழுதறதையும் உங்க மெஷின்தான பார்க்குது. அந்த வாரம் நான் எழுதின லீவ் லெட்டரை உங்க மெஷின் ஏத்துக்கல. எழுதியவர் இவரல்லர்னு திருப்பி அனுப்பிருச்சு."

லோகேஸ்வரன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "அப்புறம் என்ன பண்ணுனீங்க?" என்றார்.

"பழைய லீவ் லெட்டர் ஒண்ணை எடுத்தேன். காய்ச்சல்னு இருந்த இடத்துல மனைவி மரணம்னு மாத்தி அனுப்பினேன். ஏத்துக்கிச்சு."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. லோகேஸ்வரன் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து மூவருக்கும் வைத்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களால் ஒன்றும் செய்ய முடியாதபடி செய்வதற்குத்தான் வாரியங்கள் இருக்கின்றன.

"மறுசோதனைன்னு ஒண்ணு இருக்குதுங்க," என்றார். "பொண்ணு இங்க வந்து என் முன்னால ஒரு பக்கம் எழுதணும். அது ஆறாங்கிளாஸ் ரேகையோட பொருந்துச்சுன்னா ஆள் இவங்கதான்னு முடிவாயிரும். மார்க் எல்லாம் வெளிய வந்துரும். அந்தக் கட்டுரைக்கு மட்டும் சைபர்."

"பொருந்தலைன்னா?"

"ஆள் மாறாட்டமுங்க. பரீட்சையே செல்லாது. மூணு வருசம் எழுத முடியாது."

சஷ்டிகா முதல் முறையாக அவரிடம் பேசினாள். "கால்நடை மருத்துவத்துக்கு அப்ளிகேஷன் போடறது இந்த மாசக் கடைசியோட முடியுதுங்க சார்."

"அதுக்குள்ள தேதி வாங்கித் தர்றனும்மா."

"அந்தக் கட்டுரையை நீங்க படிச்சீங்களா?" என்று கேட்டான் தரணிதரன்.

"எதை?"

"சைபர் போடப் போறீங்களே, அதை."

லோகேஸ்வரன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "படிக்கறது எங்க வேலை இல்லீங்களே சார். நாங்க அளக்கறதோட சரி."

கிளம்பும்போது தரணிதரன் அந்த ஆறாம் வகுப்புப் பக்கத்தைக் காட்டச் சொன்னான். திரையில் வந்தது. பென்சில் எழுத்து. குண்டு குண்டாக.

'எங்கள் பள்ளி பெரிய பள்ளி. எங்கள் பள்ளி அழகான பள்ளி. எங்கள் பள்ளியில் மரங்கள் உள்ளன. மரங்கள் நிழல் தருகின்றன. எங்கள் ஆசிரியர்கள் நல்லவர்கள். எங்கள் ஆசிரியர்கள் அறிவு தருகின்றனர்.'

அவன் அந்தக் குரலைத் தினமும் காலையில் கேட்டிருக்கிறான். பிரார்த்தனைக் கூட்டத்தில், ஒலிபெருக்கியில், வெயிலில் நின்றுகொண்டு.

மாடிப்படியில் இறங்கும்போது கேட்டான். "அது நீ எழுதினதா?"

"கையெழுத்து என்னோடதுங்க சார்."

"வாக்கியம்?"

"பூங்கோதை டீச்சர் போர்டுல எழுதிப் போட்டாங்க. பார்த்து எழுதச் சொன்னாங்க. எழுதுனோம்."

"எழுதுனோம்னா?"

"கிளாஸே எழுதுனோமுங்க சார்."

தரணிதரன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கீழே ஜவுளிக்கடையில் யாரோ சேலையை உதறிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வகுப்பு முழுவதற்கும் ஒரே ரேகை. அது பூங்கோதை டீச்சருடைய ரேகை. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அவருடைய நோட்ஸையே எழுதினார்கள், ஒவ்வொரு வருடமும் பொருந்தியது. தானே எழுதியவள் ஒருத்தி. அவளைத்தான் இயந்திரம் வேறு ஆள் என்கிறது.

*

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்றார் பூங்கோதை டீச்சர்.

தலைமை ஆசிரியை அறையில் அவர் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் ஓய்வு.

"அன்னிக்கு இன்ஸ்பெக்ஷனுக்கு டிஇஓ வர்றாருன்னாங்க. புள்ளைககிட்ட ஒரு பக்கம் எழுதி வாங்கணும்னு தாளைக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. எதுக்குன்னு ஒருத்தனும் சொல்லல. தப்பும் தவறுமா எழுதினா யாரைக் கேப்பாங்க? என்னைத்தான. போர்டுல போட்டேன். முப்பது வருசமா அப்படித்தான் போடறேன். உங்களுக்கும் உங்க வாத்தியார் அப்படித்தான் போட்டிருப்பாரு."

"போட்டாரு," என்று ஒப்புக்கொண்டான்.

"இப்ப நீங்க அழகழகா எழுதச் சொல்லிக் குடுத்துட்டு, மாட்டிக்கிட்டதும் நான் குத்தவாளியா?"

"வாரியத்துல போய் உண்மையைச் சொன்னா என்ன டீச்சர்?"

பூங்கோதை டீச்சர் தம்ளரைக் கீழே வைத்தார். கோபம் போய்விட்டிருந்தது. அதற்குப் பதிலாக வந்திருந்தது பயம். "சொல்லுங்க. எம்பென்ஷன் போகட்டும். அதை விடுங்க. அந்த செட்டுப் புள்ளைக அத்தனை பேர் ரேகையும் பொய்யின்னு ஆகும். அத்தனை பேர் சான்றும் நிக்கும். மோகனப்பிரியா நர்சிங்குக்குச் சீட்டு வாங்கிட்டா. அந்த ரைஸ்மில் பையன் போலீஸ் எழுதிட்டு உக்காந்திருக்கான். ஒருத்திக்காக எல்லாத்தையும் நிறுத்தறீங்களா? நிறுத்துங்க. நான் வேண்டாங்கல."

வெளியே வந்தபோது சஷ்டிகா வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். அறைக் கதவு சாத்தியிருக்கவில்லை. எல்லாம் கேட்டிருக்கும்.

"சொல்ல வேண்டாமுங்க சார்," என்றாள். "நானே எழுதிர்றேன்."

"என்னத்தை?"

"டீச்சர் மாதிரி."

*

கோடை விடுமுறை. காலி வகுப்பு. தரணிதரன் மேசைமேல் உட்கார்ந்திருந்தான். சஷ்டிகா முதல் பெஞ்சில். மயில்சாமி வாசலில் பீடி பற்றவைக்கலாமா என்ற யோசனையில் இருந்தார்.

"வாசி."

"எங்கள் ஊர் சிறிய ஊர். எங்கள் ஊரில் தறிகள் உள்ளன. தறிகள் ஓடும்போது ஊரே..."

"'ஓடும்போது' வேண்டாம். அடி."

"தறிகள் ஓடுகின்றன. தறிகள் துணி தருகின்றன. ஆனாலும் எங்கள்..."

"'ஆனாலும்' போடாத!"

"அது தானா வருதுங்க சார்."

"வரக் கூடாது."

சொல்லிவிட்டு அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு வருடமாக இந்த 'ஆனாலும்'களுக்காகத்தான் தொண்டை கிழியக் கத்தினான். தன் கையால் போட்ட கோலத்தைத் தானே மிதித்து அழிப்பதைப் போல இருந்தது. அழிக்கவும் வரவில்லை. ஒரு வாக்கியம் ஒழுங்காக, செத்தபடி போய்க்கொண்டிருக்கும். அடுத்ததில் எங்கிருந்தோ உயிர் வந்துவிடும். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. நீச்சல் தெரிந்தவளை மூழ்கச் சொல்வதுபோல, கை தானாக அடித்தது.

மூன்றாம் நாள் மயில்சாமிக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க சார், மொதல்ல தறி ஓடக் கூடாதுன்னீங்க. இப்ப தறி ஓடணுங்கறீங்க. எங்க மொதலாளி கூட இப்படி மாத்தி மாத்திச் சொல்ல மாட்டாருங்க."

சஷ்டிகா குபீரென்று சிரித்தாள். தரணிதரனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நெடுநாள் கழித்து வந்ததால் அது இருமல் மாதிரி இருந்தது.

சிரித்து முடித்துவிட்டு அவள் இடது கையால் பெஞ்சில் தட்டத் தொடங்கினாள். டக். டக். டக். வெளியே ஓடிக்கொண்டிருந்த தறியோடு சேர்த்துத் தட்டினாள். வலது கை எழுதியது. தட்டுக்கு ஒரு வாக்கியம். கை நிற்கவில்லை, கோணவில்லை, ஏறவில்லை. பக்கம் நிறைந்ததும் நீட்டினாள்.

தரணிதரன் படித்தான். அச்சு அசல் பூங்கோதை டீச்சர். தாளை மடித்து மேசைமேல் வைத்தான்.

"வருத்தமா இருக்கா?" என்று கேட்டான்.

"இல்லீங்க சார். இது யூனிபார்ம் மாதிரிதான். போட்டுக்கிட்டுப் போனா உள்ள விடுவாங்க. வீட்டுக்கு வந்து கழட்டிக்கலாம்."

"கழட்ட முடியும்னு நினைக்கறியா? காலேஜ்ல, வேலையில, எல்லா இடத்துலயும் இதைத்தான் கேப்பாங்க."

அவள் யோசித்தாள். "நம்ம வகுப்புல யாருக்கும் உண்மையான ரேகை இல்லீங்களே சார். இருந்திருந்தா? பதினோரு வயசுல நான் எப்படி எழுதுனேனோ, அப்படியே காலத்துக்கும் எழுதணும். இதுன்னா டீச்சரோடது. பூட்டி வெச்சது அவங்க நடையத்தானுங்க, என்னோடது வெளியதான் இருக்குது."

அவனுக்கு அந்த லீவ் லெட்டர் நினைவுக்கு வந்தது. திருப்பி அனுப்பப்பட்ட முதல் லெட்டர் இன்னும் அவனிடம்தான் இருந்தது. அதில் ஒரு வாக்கியம் முடியவே இல்லை.

*

மறுசோதனை அன்று அலுவலகத்தில் ஏசி ஓடவில்லை. லோகேஸ்வரன் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு மேசையில் சஷ்டிகாவை உட்கார வைத்தார். காதில் விளக்கடித்துப் பார்த்தார். எழுதும் மின்பலகையையும் பேனாவையும் கொடுத்தார். தலைப்பு திரையில் வந்தது. 'மறக்க முடியாத ஒரு நாள்.'

தடுப்புக்கு இந்தப் பக்கம் தரணிதரனும் மயில்சாமியும் நின்றார்கள். சஷ்டிகா கொஞ்ச நேரம் தலைப்பையே பார்த்தாள். பிறகு இடது கை மேசையில் தட்டத் தொடங்கியது.

"தறி புடிச்சுட்டா," என்று மயில்சாமி மெல்லச் சொன்னார்.

எழுதினாள். நிமிரவே இல்லை. திரையில் ஒரு கோடு தரையோடு தரையாக நகர்ந்தது. அதன்மேல் இன்னொரு கோடு பிசகாமல் ஊர்ந்து வந்தது. ஓரிடத்தில் இலேசாக மேலே எழுந்தது. தரணிதரனின் விரல்கள் தடுப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டன. தட்டு ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது. கோடு படுத்துக்கொண்டது.

முடித்ததும் லோகேஸ்வரன் கதவைத் திறந்தார். "சார், பாடம் நடத்துன ஆசிரியருங்கற முறையில நீங்க ஒரு கையெழுத்துப் போடணும். உங்க மாணவிதான், உங்க முன்னால எழுதுனதுதான்னு."

தரணிதரன் பலகையை வாங்கினான். கையெழுத்துப் போடும் இடம் அடியில் இருந்தது. கண் மேலே போனது.

'அன்று நாங்கள் ஆறாம் வகுப்பு. அன்று டீச்சர் வந்தார். டீச்சர் பலகையில் எழுதினார். நாங்கள் பார்த்து எழுதினோம். நாங்கள் எல்லோரும் எழுதினோம். அது எங்கள் எழுத்து இல்லை. அது டீச்சர் எழுத்து. இதுவும் டீச்சர் எழுத்து. பிறகு நான் ஒரு கட்டுரை எழுதினேன். அது என் எழுத்து. அதற்கு மார்க் இல்லை. இதற்கு மார்க் உண்டு. இயந்திரம் அளக்கிறது. இயந்திரம் படிப்பதில்லை. ஐயாவும் படிப்பதில்லை.'

 நிமிர்ந்து சஷ்டிகாவைப் பார்த்தான். அவள் பேனாவை மூடி, மேசையின் ஓரத்தோடு சரியாக ஒட்டி வைத்துக்கொண்டிருந்தாள். மோகனப்பிரியா. ரைஸ்மில் பையன். அத்தனை பேரும் அந்தப் பலகையில் இருந்தார்கள். லோகேஸ்வரன் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

கையெழுத்துப் போட்டான். அவசரத்தில் பெயர் வேறு யாருடையதோ போல விழுந்தது. நல்லவேளை, கையெழுத்தை யாரும் அளப்பதில்லை.

லோகேஸ்வரன் பலகையை வாங்கினார். வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தார். அவர் கண்கள் பக்கத்தின் மேல் கோடியிலிருந்து கீழ்க்கோடிவரை ஒருமுறை இறங்கின. 

"அடித்தல் திருத்தல் இல்லாம எழுதிருக்கம்மா," என்றார். "பக்கம் சுத்தமா இருக்குது."

பலகையை இயந்திரத்தின் மேல் வைத்தார். அது ஒருமுறை முனகியது. பச்சையாக ஒரு சொல் வந்தது. பொருந்துகிறது.

"இனி கவலை இல்லீங்கண்ணா," என்று மயில்சாமியின் தோளில் தட்டினார். பஞ்சு பறந்தது. "உங்க பொண்ணு உங்க பொண்ணுதான்."

மயில்சாமி கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு இனிப்பு வாங்கி வருகிறேன் என்று படியிறங்கி ஓடினார்.

தரணிதரன் சஷ்டிகாவைத் தாழ்வாரத்தின் கோடிக்கு அழைத்துப்போனான்.

"உனக்குப் பைத்தியமா? அவர் படிச்சிருந்தா?"

"படிக்கலீங்களே சார்."

"படிச்சிருந்தா? உன் வகுப்பே போயிருக்கும். டீச்சர் போயிருப்பாங்க. சொல்ல வேண்டாம்னு நீதான சொன்ன?"

அவள் கீழே தெருவைப் பார்த்தாள். அப்பா சாலையைக் கடக்கத் தெரியாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து நின்றார்.

"தப்புத்தானுங்க சார். எழுதறப்பதான் தோணுச்சு."  "அந்தக் கட்டுரைய இங்க ஒருத்தரும் படிக்கல. இதையாச்சும் யாராவது படிக்கறாங்களான்னு பார்த்தேன்."

அவனிடம் திட்டுவதற்கு இன்னும் நிறைய இருந்தது. அவள் பக்கத்தில் போய்க் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான்.

"நீங்க படிச்சீங்கல்ல?" என்றாள்.

"படிச்சேன்."

"போதுமுங்க."

*

ஜூலையில் ஆறாம் வகுப்புக்கான தாள்கள் வந்தன. வாரியத்தின் முத்திரையோடு, கட்டாக. பூங்கோதை டீச்சர் அதைத் தொடக்கூட இல்லை.

"நீங்களே போய் எழுதி வாங்கிருங்க," என்றார் தரணிதரனிடம். "சுற்றறிக்கையில தெளிவாப் போட்டிருக்காங்க. மாணவர் சொந்தமா எழுதணும், ஆசிரியர் உதவக் கூடாது. எனக்கு எதுக்கு வம்பு."

"சரிங்க டீச்சர்."

அவன் அதற்காகத்தான் காத்திருந்தான். ஒரு வகுப்பாவது தங்கள் சொந்த வாக்கியத்தோடு தொடங்கட்டும். கரும்பலகையைச் சுத்தமாகத் துடைத்தான். தாள்களைக் கொடுத்தான். பென்சில்கள் சீவப்பட்டன.

"தலைப்பு, மரங்கள். அவங்கவங்களுக்குத் தோணினதை எழுதலாம்."

முதல் பெஞ்சில் பல் விழுந்த ஒரு பெண் கை தூக்கினாள். பெயர் கவினிலா. "சார், எங்க தோட்டத்துல ஒரு முருங்கை இருக்குதுங்க, அதுல ஏறக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லுச்சு, நான் ஏறிட்டேன், கெளை ஒடிஞ்சு விழுந்து மூணு நாளு அம்மாகிட்ட சொல்லவே இல்லீங்க சார், நாலாம் நாள் அதுல இருந்து துளிர் வந்துருச்சு. அதை எழுதலாமுங்களா?"

"ஒரே மூச்சுல சொல்லிட்டியே," என்றான்.

"அப்படித்தானுங்க வருது."

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அதை எழுதுவாள். இயந்திரம் அதை அளந்து பூட்டி வைக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் அவள் மூச்சு வாங்கக் கற்றிருப்பாள், ஒரு சொல்லில் நிறுத்தக் கற்றிருப்பாள். அப்போது அவளிடம் சொல்வார்கள், நீ இவளல்ல என்று. இருபத்தைந்தில், நாற்பதில், யாராவது செத்துப்போன ஒரு வாரத்தில், மறுபடியும் சொல்வார்கள். அந்தப் பல் விழுந்த வாயால்தான் அவள் காலம் முழுக்கப் பேச வேண்டும்.

சுண்ணக்கட்டியை எடுத்தான்.

"எல்லாரும் பென்சிலைக் கீழ வைங்க. நான் போர்டுல எழுதறேன். பார்த்து எழுதுங்க. ஒரு எழுத்து மாறக் கூடாது."

"எனக்குச் சொந்தமா வருங்க சார்!" என்றாள் கவினிலா. அழுகை எட்டிப் பார்த்தது.

"தெரியும். அதை நாளைக்கு உன் நோட்டுல எழுதி என்கிட்ட குடு. நான் படிக்கறேன். இந்தத் தாள்ல மட்டும் எழுதாத."

திரும்பி நின்று எழுதத் தொடங்கினான். மரம் நமக்கு நிழல் தருகிறது. மரம் நமக்குக் கனி தருகிறது. எழுத எழுத அவனுக்கு வாய் கசந்தது. உயிர் எங்கேயும் கசிந்துவிடாமல் பார்த்துக்கொண்டான். அது அத்தனை சுலபமாக இல்லை. சன்னலுக்கு வெளியே தறி ஓடியது. முதுகுக்குப் பின்னால் பென்சில்கள் அதனோடு சேர்ந்துகொண்டன.

"சார்," என்றது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். "எல்லாம் ஒரே மாதிரி இருக்குதுங்க சார்."

"ஆமா," என்றான். அடுத்த வரியை எழுதினான்.

மரம் நமக்குக் காற்று தருகிறது.